ஒரே தண்ணீர், ஒருவருக்கு மட்டும் டைபாய்டு: பாக்டீரியா உள்ளே போய் என்னதான் செய்கிறது?

கேட்டிருப்பவர் மும்பை தாராவியில் ஒரு சாலில் (வரிசை அறைகளாக உள்ள குடியிருப்பில்) வசிக்கிறார். வீட்டில் ஐந்து பேர். எல்லோரும் குடிப்பது ஒரே குழாய்த் தண்ணீர், சாப்பிடுவது ஒரே சமையல். அக்காவுக்கு மட்டும் டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "மற்ற நாலு பேருக்கும் ஏன் வரவில்லை? பாக்டீரியா உள்ளே போய் அப்படி என்ன செய்கிறது, நம்மைத் தின்கிறதா? காய்ச்சலுக்கு முந்தின நாள் சாப்பிட்ட பானிபூரிதான் காரணமா?" என்று கேட்கிறார். பரேல் பக்கம் ஒரு லேபில் ரத்தம், சிறுநீர், சளி கல்ச்சர் (மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்ப்பது பல வருடமாக என் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பானிபூரியை முதலில் முடித்துவிடலாம். டைபாய்டு கிருமி வாய் வழியாகப் போன நாளுக்கும் காய்ச்சல் தொடங்கும் நாளுக்கும் நடுவே பொதுவாக ஒன்று, இரண்டு வாரம் ஓடிவிடும். சாப்பிட்ட மறுநாளே வாந்தி, பேதி என்றால் அது வேறு கிருமியின் வேலை. ஆகவே முந்தின நாள் பானிபூரிக்காரர் நிரபராதி. அதற்கு இரண்டு வாரம் முன்பு அக்கா எங்கே என்ன சாப்பிட்டார் என்று பார்க்க வேண்டும். அது யாருக்கும் நினைவிருக்காது.

மீதிக் கேள்விக்குச் சுருக்கமான பதில் இது: தின்பதால் வரும் கேடு கொஞ்சம்தான். பெரும்பாலான பாக்டீரியா நோய்களில் கேடு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, கிருமி சுரக்கும் விஷப் புரதம் நம் உயிரணுக்களின் ஏதோ ஒரு வேலையைக் குலைக்கிறது. மற்றது, கிருமியை ஒழிக்க நம் உடம்பு எடுக்கும் நடவடிக்கையே நம்மைப் புண்ணாக்குகிறது. இந்த இரண்டாவதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் டி.பி., டைபாய்டு, தொற்றால் உடம்பே நிலைகுலையும் செப்சிஸ் மூன்றிலுமே பெரும்பங்கு அதற்குத்தான்.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதுதான். பெரும்பாலானவை குடலில் அமைதியாக வாழ்கின்றன; சில நமக்கு வைட்டமின் கே தயாரித்துக் கொடுக்கின்றன. ஒரு பாக்டீரியா கெட்டதா நல்லதா என்பது பல சமயம் அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குடலில் வழக்கமாக இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா யாருக்கும் தொல்லை இல்லை. அதன் சில ரகங்கள் சிறுநீர்ப் பைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் நுண்ணிய இழைகளை நீட்டும். சிறுநீர் எவ்வளவு வேகமாகப் போனாலும் அடித்துக்கொண்டு போகாது. எங்கள் லேபில் வரும் சிறுநீர்த் தொற்று மாதிரிகளில் அதிகம் வளர்வது இதுதான். ஆகவே ஒட்டிக்கொள்ளத் தெரிவது முதல் தகுதி. ஒட்ட முடியாத கிருமி வந்த வழியே போய்விடும்.

அதற்கும் முன்னால் இரைப்பை அமிலத்தைத் தாண்ட வேண்டும். இங்கேதான் 'ஏன் அக்காவுக்கு மட்டும்' என்பதில் பாதி அடங்கியிருக்கிறது. ஷிகெல்லா என்ற ரத்தபேதிக் கிருமி அமிலத்தைத் தாங்கும். பத்து முதல் நூறு கிருமிகள் உள்ளே போனாலே நோய் வரலாம். காலராக் கிருமி அமிலத்தில் சாகும். ஆரோக்கியமான வயிற்றைத் தாண்ட அது கோடிக்கணக்கில் போக வேண்டும். அதே ஆளின் அமிலத்தை சோடா உப்பால் குறைத்துவிட்டால் அதைவிட மிகக் குறைவான கிருமியே போதும். தன்னார்வலர்களை வைத்துச் செய்த பரிசோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. டைபாய்டு கிருமி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தினமும் காலையில் டாக்டர் சொல்லாமலே ஒரு பேன்டோப்ரசோல் போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அமிலத்தை அணைத்துவிட்டு மழைக்காலத்தில் வெளியில் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

விஷப் புரதத்துக்கு எடுத்துக்காட்டு என்றால் காலராதான். காலராக் கிருமி குடல் சுவரைத் துளைப்பதில்லை, ரத்தத்துக்குள் போவதில்லை, ஒரு உயிரணுவைக்கூடக் கடிப்பதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் குடல் உயிரணுவுக்குள் நுழைந்து, உப்பையும் நீரையும் வெளியே விடும் கட்டுப்பாட்டை நிரந்தரமாக இயக்க நிலையில் நிறுத்திவிடுகிறது. மோட்டார் ஸ்விட்சை ஆன் செய்து பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனது போல. குளோரைடு வெளியேறுகிறது, அதன் பின்னால் சோடியம், அதன் பின்னால் தண்ணீர். மோசமான நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். ஆள் சாவது கிருமியால் அல்ல, தண்ணீர் வற்றியதால். 1884-இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது விஷத்தால்தான் கொல்கிறது என்பதை அதே கல்கத்தாவில் முயல் குடலை வைத்து நிரூபித்தவர் சம்பு நாத் தே. அது 1959-இல்தான் நடந்தது. அவருக்கு நோபல் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்று என் துறையில் பலரும் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சி.

இன்னொரு விஷயம். அந்த விஷத்துக்கான மரபணு காலராக் கிருமியின் சொந்தச் சொத்து இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வைரஸ் ஏறாத காலராக் கிருமிகள் கடலிலும் கழிமுகத்திலும் ஏராளமாக இருக்கின்றன, அவற்றால் காலரா வராது. தொண்டை அடைப்பான் கிருமிக்கும் இதே கதைதான். அதன் விஷமும் ஒரு வைரஸ் கொடுத்த சீதனம்.

காலரா விஷம் குடலின் ஒரு வாசலை மட்டும்தான் குலைக்கிறது. குளுகோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே வரும் வாசல் அப்படியே வேலை செய்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் உப்பு சர்க்கரைக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ்., பலிக்கிறது. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைக் குடிக்கக் கொடுத்து, நூற்றுக்கு முப்பது வரை போன சாவை நாலுக்கும் கீழே கொண்டுவந்தார். கிருமியைத் தொடாமலே நோயாளியைக் காப்பாற்றிய வைத்தியம்.

டெட்டனஸ் விஷமும் பாட்டுலிசம் விஷமும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்பவை. நரம்பு முனையில் சமிக்ஞையை வெளியே அனுப்பும் புரதத்தை வெட்டிவிடுகின்றன. ஆனால் டெட்டனஸ் விஷம் நரம்பு வழியே தண்டுவடம் வரை ஏறிப் போய், தசையைத் தளரச் சொல்லும் நரம்புகளை நிறுத்துகிறது. ஆள் விறைத்துப் போகிறார். பாட்டுலிசம் விஷம் தசை அருகிலேயே நின்று, இறுகச் சொல்லும் நரம்பை நிறுத்துகிறது. ஆள் துவண்டு போகிறார். முகச் சுருக்கத்துக்குப் பாந்திராவில் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அது இந்தப் பாட்டுலிசம் விஷம்தான், மிக மிகச் சிறிய அளவில்.

சரி, டைபாய்டுக்கு வருவோம். இது விஷத்தை நம்பி வாழும் கிருமி அல்ல, ஒளிந்து வாழ்வது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் என்று நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் குவிந்த இடங்கள் உண்டு. அங்கே குடலில் ஓடுவதைக் கொஞ்சம் எடுத்து உள்ளே காட்டும் பரிசோதனை வாசல் உயிரணுக்கள் இருக்கின்றன. டைபாய்டு கிருமி அந்த வாசலையே பயன்படுத்துகிறது. புரதத்தால் ஆன ஒரு நுண்குழாயை நம் உயிரணுவுக்குள் செருகி, சில புரதங்களைச் செலுத்துகிறது. உடனே உயிரணுவின் மேற்பரப்பு கலைந்து எழும்பி, கிருமியைத் தானாகவே விழுங்கிக்கொள்கிறது. உள்ளே காத்திருப்பவை கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் மேக்ரோஃபேஜ்கள். அவையும் விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கிய பையின் சுவரையே மாற்றி, அதற்குள் குடியிருந்து டைபாய்டு கிருமி பெருகுகிறது. அந்த மேக்ரோஃபேஜ்களே அதைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை சுமந்து போகின்றன. அந்த ஒன்று, இரண்டு வாரம் அக்கா வேலைக்குப் போயிருப்பார், சிரித்திருப்பார், ஒன்றும் தெரிந்திருக்காது.

ஏன் தெரியவில்லை? டைபாய்டு கிருமிக்கு வி.ஐ. என்ற சர்க்கரைப் போர்வை உண்டு. அது கிருமியின் மேலுறையை மறைத்துவிடுகிறது. அந்த மேலுறையைக் கண்டுதான் நம் எதிர்ப்பு சக்தி கூச்சல் போடும். டைபாய்டு கிருமி சால்மொனெல்லா என்ற இனத்தைச் சேர்ந்தது; அந்த இனத்தில் டைபாய்டு அல்லாதவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் போர்வை இல்லை. அதனால் அவை குடலிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, மறுநாளே பேதியாக வெளிப்படும். கிருமி பெருகி மறுபடி ரத்தத்தில் கொட்டும்போதுதான் உடம்பு விழித்துக்கொள்கிறது, காய்ச்சல் ஏறுகிறது.

அப்போதுகூட ரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஒரு மில்லிக்கு ஒன்று, அவ்வளவுதான். அதனால்தான் பிளட் கல்ச்சருக்கு இவ்வளவு ரத்தமா என்று நோயாளிகள் எங்களை முறைத்தாலும் குறைக்க முடிவதில்லை. அப்படி எடுத்தும் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிபடும். மாறாக, தெருமுனை லேபில் ஒரே ஒரு வைடால் பரிசோதனை (ரத்தத்தில் கிருமிக்கு எதிரான புரதம் பார்ப்பது) செய்து டைபாய்டு என்று எழுதிக் கொடுப்பது இந்த ஊரில் தினமும் நடக்கிறது. பழைய தொற்றும், வேறு காய்ச்சலும்கூட வைடாலில் பாசிட்டிவ் காட்டும். என்னைக் கேட்டால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்காமல் வைடாலை மட்டும் நம்புவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. எந்த மருந்து பலிக்கும் என்பதையும் கல்ச்சர்தான் சொல்லும். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இப்போது இந்தியாவின் பெரும்பாலான டைபாய்டு கிருமிகளிடம் எடுபடுவதில்லை.

ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமி ஒரு ஆளை 104 டிகிரிக்குத் தள்ளுகிறது என்றால், தின்று தீர்ப்பதால் வரும் நோய் இது அல்ல என்பது புரியும். காய்ச்சல் கிருமி கொடுப்பது அல்ல, நம் மூளை வைத்துக்கொள்வது. மேக்ரோஃபேஜ்கள் கிருமியின் மேலுறையைக் கண்டதும் இன்டர்லூகின் போன்ற செய்திப் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அதன் விளைவாக மூளையின் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் கூடி, உடம்பின் வெப்ப அளவுகோல் மேலே நகர்கிறது. உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிர் நடுக்கம் வருவது இதனால்தான். புது அளவை எட்ட உடம்பு இன்னும் சூடு கேட்கிறது. பாராசிட்டமால் அந்த அளவுகோலைக் கீழே இறக்கும். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற கொழுப்பும் சர்க்கரையும் கலந்த பொருளுக்கு நம் உடம்பு எவ்வளவு பயப்படுகிறது என்பது வியப்பானது. கிலோ எடைக்குச் சில நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் சில பங்கு, ரத்தத்தில் செலுத்தினாலே ஆரோக்கியமான ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். உயிருள்ள கிருமி ஒன்றுகூட வேண்டாம். அதை உணரும் நம் உயிரணுப் புரதம் (எச்சரிக்கை உறுப்பு என்று வைத்துக்கொள்வோம்) எது என்பதை 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு கண்டுபிடித்தது. 2011-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. சிறிய புண்ணில் இந்த எச்சரிக்கை நல்லது: அந்த இடத்தில் மட்டும் ரத்தக் குழாய் விரியும், நீர் கசியும், வெள்ளணுக்கள் வந்து சேரும். அதே எச்சரிக்கை உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் அடித்தால் எல்லா ரத்தக் குழாயும் விரிந்து கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, சிறு குழாய்களில் ரத்தம் உறைந்து, சிறுநீரகமும் நுரையீரலும் நின்றுபோகும். அதுதான் செப்டிக் ஷாக். ஐ.சி.யூ.வில் அதனால் இறப்பவர்களில் சிலருக்கு ஆன்டிபயாடிக் கிருமியை ஏற்கெனவே கொன்று முடித்திருக்கும்.

மும்பைக்காரர்களுக்கு இதில் தனியாகச் சொல்ல வேண்டியது லெப்டோஸ்பைரோசிஸ், எலிக் காய்ச்சல். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதும், அதன் பிறகு ஆஸ்பத்திரிகள் காய்ச்சல்காரர்களால் நிரம்பியதும் இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. சுருள் வடிவக் கிருமி இது. எலியின் சிறுநீரகத்தில் எலிக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்து, சிறுநீரில் வெளியேறி, தேங்கிய தண்ணீரில் காத்திருக்கும். காலில் ஒரு கீறல் போதும். வெகுநேரம் ஊறிய தோல் வழியாகவும் நுழையும். இதன் எண்டோடாக்சினை எலியின் எச்சரிக்கை உறுப்பு அடையாளம் காணும், மனிதனுடையது காணாது. அதனால் நம் ரத்தத்தில் ஆரம்பத்தில் தடையில்லாமல் பெருகிவிடுகிறது. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக் கசிவு. வெள்ளத்தில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லி மழைக்காலத்தில் மாநகராட்சி அறிவிப்பது இதற்காகத்தான். ஒரு எச்சரிக்கை: இந்த நோய்க்கு முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் கூடலாம். கிருமிகள் ஒன்றாகச் செத்து உடைந்து கொட்டுவதால் வருவது அது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஆஸ்பத்திரியை விட்டு ஓடிவிடக் கூடாது.

இந்த ஒளிந்து விளையாடுவதில் பிளேக் கிருமியை மிஞ்ச ஆள் இல்லை. தெள்ளுப்பூச்சிக்குள் இருக்கும்போது அதன் எண்டோடாக்சின் ஒரு வடிவம். 37 டிகிரி செல்சியஸ் உள்ள மனித உடம்புக்கு வந்ததும் நம் எச்சரிக்கை உறுப்புக்குப் புலப்படாத வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. வரும் வெள்ளணுக்களுக்குள் குழாய் செருகி அவற்றைச் செயலிழக்க வைக்கிறது. 1896 செப்டம்பரில் இங்கே மாண்ட்வியில் அது வெடித்து, ஊரில் ஏறக்குறைய பாதி காலியானது. ஒடெஸாவில் பிறந்த பாக்டீரியா ஆய்வாளர் ஹாஃப்கைன் இங்கே வந்து தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பரேலில் அவர் பெயரில் நிறுவனம் இன்றும் இருக்கிறது. நெரிசலைக் குறைக்க 1898-இல் ஏற்படுத்திய இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டு மனை பிரித்தது. நம்மவர்கள் பின்னாளில் வந்து குடியேறி, கோயிலும் இட்லிக் கடையும் பூக்கடையுமாக ஆக்கிக்கொண்ட மாட்டுங்காவின் அகலத் தெருக்கள் ஒரு வகையில் அந்தக் கிருமி கொடுத்தவை.

தாராவியைப் பற்றிப் பேசிவிட்டு டி.பி.யைச் சொல்லாமல் விட முடியாது. 1882 மார்ச் 24 அன்று காக் அறிவித்த இந்தக் கிருமி மெதுவானது. ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். காலராவுக்கு இருப்பதைப் போல ஆளை வீழ்த்தும் விஷமும் கிடையாது. இருமலில் தெறிக்கும் மிக நுண்ணிய துளிகளில் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்து, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே மேக்ரோஃபேஜ் விழுங்கும். விழுங்கிய பை அமிலமாகாமல் இந்தக் கிருமி தடுத்துவிடும்; மெழுகு கலந்த அதன் தடித்த உறையும் சுலபத்தில் கரையாது. உடம்பு பிறகு அதைச் சுற்றி உயிரணுக்களை அடுக்கி ஒரு முடிச்சாகக் கட்டிவைக்கும். தொற்று உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆயுள் முழுக்க அந்த முடிச்சோடு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நோய் வருவது ஐந்து முதல் பத்து பேருக்கு. சர்க்கரை நோய், சத்துக்குறைவு, எச்.ஐ.வி., புகை இவை அந்தக் கணக்கை ஏற்றிவிடும்.

முடிச்சு உடையும்போது நுரையீரலில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையைப் போடுவது கிருமி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் திசுவைக் கரைப்பது பெரும்பாலும் நம் வெள்ளணுக்கள் விடும் நொதிகள். இதற்கு நல்ல சான்று: எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு டி.பி. வந்தால் உடம்பெங்கும் கிருமி பரவும், ஆனால் நுரையீரலில் ஓட்டை விழுவது குறைவு. ஓட்டை போட எதிர்ப்பு சக்தி வேண்டும். மூளைக்காய்ச்சலாக வரும் டி.பி.க்கு மருந்தோடு சேர்த்து, எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டும் கொடுத்தால் சாவு குறைகிறது என்பதும் இதே கதைதான். அந்த ஓட்டை மூச்சுக் குழாயில் திறந்துகொண்டால் கோடிக்கணக்கான கிருமிகள் இருமலில் வெளியே வரும்.

மெதுவாகப் பெருகுவதாலும், ஒரு பகுதி அசையாமல் கிடப்பதாலும்தான் ஆறு மாதம் மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் மருந்துக்கு அடங்காத கிருமியோடு வருபவர்களின் சளி எங்கள் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் நடந்த ஆய்வு, டி.பி. நோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்க வேண்டாம், வீட்டிலேயே மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும், வீட்டாருக்கும் அதனால் ஆபத்து கூடாது என்று காட்டி உலக நடைமுறையையே மாற்றியது. மெட்ராஸின் சின்ன வீடுகளில் நடந்த ஆய்வு அது. தாராவிக்கும் பொருந்தும்.

கிருமிக்கு இதில் என்ன லாபம் என்று சிலர் கேட்பார்கள். காலராவின் பேதி அதைத் திரும்பத் தண்ணீருக்கு அனுப்புகிறது, டி.பி.யின் இருமல் அடுத்த நுரையீரலுக்கு அனுப்புகிறது. அந்த இரண்டிலும் லாபம் தெளிவு. ஆனால் டெட்டனஸ் மண்ணில் வாழும் கிருமி. நம்மை விறைக்க வைத்து அதற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. எலிக் காய்ச்சல் கிருமிக்கும் நாம் முட்டுச் சந்துதான், நம்மிடமிருந்து அடுத்தவருக்கு அது போவது மிக அரிது.

இப்போது மற்ற நாலு பேர். ஒருவேளை அவர்களும் விழுங்கியிருக்கலாம், அளவு குறைவாக இருந்திருக்கும், அமிலம் பார்த்துக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு முன்பே லேசாக வந்து போயிருக்கலாம். அக்கா வேலை பார்க்கும் இடத்தில் வாங்கியிருக்கலாம். வீட்டுத் தண்ணீர் குற்றமற்றதாக இருக்கலாம். யாருக்காவது இனிமேல் வரவும் கூடும், இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். இன்னொரு சாத்தியமும் உண்டு: டைபாய்டு வந்து தேறியவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை, பித்தப்பையில் கிருமியை வைத்துக்கொண்டு எந்த நோயும் இல்லாமல் வருடக்கணக்கில் மலத்தில் வெளியேற்றுவார்கள். பித்தக்கல் இருப்பவர்களிடம் இது அதிகம். நியூயார்க்கில் மேரி மலன் என்ற சமையல்காரி அப்படித்தான் வீடு வீடாக டைபாய்டு பரப்பி, 1907-இலும் மறுபடி 1915-இலும் தனித்தீவில் அடைக்கப்பட்டார். தனக்கு ஒரு நாளும் டைபாய்டு வந்ததில்லை என்றே அவர் சொல்லிவந்தார். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரை இதைச் சொல்லிச் சந்தேகப்பட வேண்டாம். அதே வீட்டில் இரண்டாவது முறை டைபாய்டு வந்தால் மட்டும் மலப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

தடுப்பூசி இருக்கிறது. நான் சொன்ன வி.ஐ. போர்வையையே அடையாளம் காண உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது அது, ஹைதராபாத்தில் தயாராகிறது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆறு மாதக் குழந்தை முதல் ஒரே ஊசியாகப் போடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவசியம் கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அக்கா வீட்டுக்கு வந்த பிறகு சில வாரம் சமையலறைப் பக்கம் போகாமல் இருக்கட்டும். காய்ச்சல் நின்றும் கிருமி வெளியே வந்துகொண்டிருக்கும். மாத்திரை குறித்த நாள் வரை போக வேண்டும். குறைந்த காய்ச்சல் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பினால் உடனே மறுபடி காட்டுங்கள், பத்துப் பேரில் ஒருவருக்கு அப்படித் திரும்பலாம்.

கடைசியாக ஒன்று. காய்ச்சல் தொடங்கி மூன்றாவது வாரத்தை ஒட்டி, கிருமி முதலில் நுழைந்த அந்தப் பேயர் திட்டுகள் அழற்சியால் புண்ணாகிக் குடலில் ஓட்டை விழக்கூடும். அது அரிதுதான், ஆனால் நடக்கும். அந்த நாட்களில் அக்காவுக்குத் திடீரென்று வயிறு கடுமையாக வலித்தாலோ, வயிறு பலகையாக இறுகினாலோ, மலத்தில் ரத்தமோ கருநிறமோ தெரிந்தாலோ, காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த இரவே ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.